சவுக்கு மரம் தெரியும், 'காஸுவரினா' தெரியாது!

குடவாசல் கடைத்தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுத் திண்ணை. மாலை ஆறு மணி இருக்கும். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி ஆங்கிலப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்தபடி ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டர்ஜ்... டர்ஜ்... எ மோர்ன்ஃபுல் ஸாங்."

"மோர்ன்ஃபுல் என்றால் என்னம்மா?" என்று கேட்டேன்.

"அது பரீட்சையில வராது சார்" என்று உடனே பதில் வந்தது.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவளுடைய அப்பாயி நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி அது? அரை மணி நேரமா அதோட மல்லுக்கட்டுறா!"

"ஒப்பாரிப் பாட்டு, பாட்டி. அதற்கு இங்கிலீஷில் அப்படிப் பெயர்."

மூதாட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, ஒப்பாரியா! என்னைக் கேட்டிருந்தா பாடியே காட்டியிருப்பேனே!"

நமது உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கில இலக்கியம் படும் பாடு முழுவதும் அந்தத் திண்ணையில் அடங்கியிருந்தது. அந்தச் சொல் குறிக்கும் பொருள், சொல்லைப் படிக்கும் பெண்ணின் வீட்டிலேயே இருக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்து வைக்க ஆள் இல்லை.

பாடம் நல்ல பாடம்தான்

அவள் படித்துக்கொண்டிருந்தது தோரு தத் எழுதிய கவிதை. 1856-ம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்து, 21-வது வயதிலேயே மறைந்த வங்கப் பெண் அவர். தம் வீட்டுத் தோட்டத்திலிருந்த சவுக்கு மரத்தைப் பற்றி, இறந்துபோன உடன்பிறந்தவர்களின் நினைவோடு பாடிய பாட்டு அது. தமிழகத்தில் 2019-ல் வெளியான பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் அது இடம் பெற்றது. டென்னிசனின் 'யுலிஸிஸ்', ஷேக்ஸ்பியரின் நாடகப் பகுதி, தேநீர் போடுவதைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய கட்டுரை, நம் கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையின் மொழிபெயர்ப்பு ஆகியவையும் அதே நூலில் உண்டு. தேர்வு செய்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பிள்ளைகளின் ரசனையை மதித்தே பொறுக்கியிருக்கிறார்கள்.

தொல்லை அருஞ்சொற்களில் தொடங்குகிறது. பாடத்தை ஒட்டிய சொற்பட்டியல், ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறுகிறது. ஒரு தெரியாத சொல்லுக்கு இன்னும் இரண்டு தெரியாத சொற்கள் விளக்கமாகின்றன! பரீட்சையோ இந்த வழக்கத்துக்கு உரம் போடுகிறது. 90 மதிப்பெண் வினாத்தாளின் முதல் ஆறு கேள்விகள், ஒரே பொருள் தரும் சொல்லையும் எதிர்ச்சொல்லையும் நான்கு விடைகளிலிருந்து பொறுக்கச் சொல்பவை. வழிகாட்டி நூல்கள் இவற்றை வரிசையாக அச்சிட்டுக் கொடுக்கின்றன. மாணவி நெட்டுருப் போடுகிறாள். ஆறுக்கு ஆறு வாங்குகிறாள். அடுத்த ஆண்டு கல்லூரியில் அதே சொல் வேறொரு வாக்கியத்தில் வந்தால், முன்பின் அறியாதவரைப் பார்ப்பதுபோல் விழிக்கிறாள்.

ஒரே கல்லூரி, இரண்டு கதைகள்

ஆங்கிலம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய வாசல் என்பதை அறிய நெடுந்தூரம் போக வேண்டாம். குடவாசலுக்கு அருகிலுள்ள வலங்கைமானில் 1869-ல் ஓர் ஏழை வைதிகக் குடும்பத்தில் பிறந்தவர் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியராகத் தொழிலைத் தொடங்கி, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார். அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு ஆங்கிலேயர்களே வியந்து, 'வெள்ளி நாவினர்' என்று புகழ்ந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இந்தியாவின் பிரதிநிதியாகவும், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் அவரை உயர்த்தியதில் அந்த மொழித்திறனுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவர் படித்த அதே கும்பகோணம் அரசினர் கல்லூரியில் 1904-ல் உபகாரச் சம்பளத்துடன் சேர்ந்தான் இன்னொரு பையன். கணக்கில் புலி, ஆங்கிலப் பரீட்சையில் தவறினான், உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. கல்லூரிப் படிப்பும் முறிந்தது. அவன்தான் கணித மேதை ராமானுஜன். உலகம் அவரைக் கண்டுகொண்டது அவருடைய நல்லூழ், நம்முடைய நல்லூழ். ஆனால் ராமானுஜனுக்கு ஒரு ஹார்டி கிடைத்ததுபோல் ஆங்கிலத்தில் தவறும் பிள்ளைகள் எல்லோருக்கும் கிடைப்பார்களா?

அன்று கல்லூரிக்குப் போனவர்கள் சிலர். இன்று குடவாசலிலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. நடவுக்கும் அறுப்புக்கும் போன தாய்மாரின் பெண்கள் பட்டப் படிப்புக்குப் போகிறார்கள். 2012–13 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளும் பெருகின. வாசல் அகலமாகிவிட்டது, ஆனால் சொல் என்னும் படிக்கட்டின் உயரம் குறையவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு நாவலையோ நாளிதழையோ பிறர் துணையின்றிப் படிக்க எத்தனை ஆங்கிலச் சொற்கள் வேண்டும்? நியூஸிலாந்து மொழியியல் அறிஞர் பால் நேஷன் 2006-ல் கணக்கிட்டுச் சொன்னது 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள். ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த உருவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம். நாளைக்கு ஐந்து சொல் வீதம் ஓர் ஆண்டு முழுவதும் ஒரு நாள்கூட விடாமல் நெட்டுருப் போட்டாலும் 1,825-தான் ஆகும். அதிலும் பாதி அடுத்த கோடைக்குள் மறந்து போகும். ஆகவே பட்டியலை மனப்பாடம் செய்து இந்த ஆற்றைக் கடக்க முடியாது.

இதை முன்பே கண்டவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியபோது, வங்கப் பிள்ளைகள் புரியாத பாடத்தோடு போராடுவதைக் கவனித்தார். 1926-ல் எழுதிய நூலிலேயே, வாசிக்கும் திறனுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். அடிக்கடி வரும் சொற்களால் எளிய கதைப் புத்தகங்களை அமைத்து, புதுச் சொற்களை ஒவ்வொன்றாக, அளவோடு கலந்து கொடுத்தார். ஏறக்குறைய 2,000 சொற்கள் கொண்ட அவரது பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் 1953-ல் வெளிவந்தது. எளியதை நிறையப் படித்தவனுக்கே அரியது வசப்படும் என்பதுதான் அவர் முறையின் சாரம்.

கையில் இருக்கும் முதல்

நம் பிள்ளைகள் வெறுங்கையோடு வரவில்லை. போலீஸ் இன்ஸ்பெக்டரை அறியாத குழந்தை உண்டா? அந்தச் சொல்லின் நடுவே இருக்கும் 'ஸ்பெக்ட்' என்பது 'பார்' என்று பொருள்படும் லத்தீன் வேர். உள்ளே புகுந்து பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். வேடிக்கை பார்ப்பவர் ஸ்பெக்டேட்டர். கண்ணுக்கு விருந்தான காட்சி ஸ்பெக்டக்கிள். ஒரு வேரைக் காட்டினால் ஒரு கொத்தே கையோடு வரும். பஸ்ஸின் மேல் எழுதியிருக்கும் 'டிரான்ஸ்போர்ட்' என்ற சொல்லைக் கொண்டு, சுமத்தலைக் குறிக்கும் 'போர்ட்' என்ற வேரையும் இப்படியே சொல்லித் தரலாம்.

ஆங்கிலமும் நம்மிடம் கடன் வாங்கிய மொழிதான். கட்டுமரம் அங்கே 'கட்டமரான்' ஆயிற்று; மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று; சுருட்டு 'செரூட்' ஆயிற்று. சோழ மண்டலம் 'கோரமண்டல்' ஆனதைச் சோழநாட்டுப் பிள்ளைக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது? நம் வயலில் விளையும் நெல்லை ஆங்கிலம் 'பாடி' என்று சொல்கிறதே, அது மலாய்க்காரரிடம் வாங்கியது. இப்படிக் கேட்ட பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் பயமுறுத்தும் பூதமாகத் தோன்றாது. ஊர் ஊராகச் சுற்றி வந்த வழிப்போக்கனாகத் தோன்றும்.

கி. ரா.வின் கதையைத் தமிழில் முதலில் படிக்கச் சொல்லி, பிறகு பாடநூலிலுள்ள ஆங்கிலத்தைப் பிரித்தால் பாதிச் சொற்கள் தாமே விளங்கும். பந்தல் காலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் ஊன்றும் சவுக்குக் கம்பைத் தொட்டுக் காட்டிய பிறகு 'காஸுவரினா' என்றால் யார் மறப்பார்கள்?

ஒரு மறுப்பு

"ஆங்கில வகுப்பில் தமிழ் நுழைந்தால் ஆங்கிலம் வராது" என்று சில உபாத்தியாயர்கள் கருதுகிறார்கள். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் நகரத்துக் குழந்தைக்கு அது ஒருவேளை பொருந்தலாம். வீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேச ஆளில்லாத பிள்ளைக்குத் தமிழையும் தடுத்தால், அவளிடமிருக்கும் ஒரே விளக்கையும் அணைத்ததாகும்.

எல்லாச் சொல்லுக்கும் தமிழில் நேர்ச்சொல் கிடைக்காது என்பது மெய்தான். தோரு தத்தின் பாட்டில் வரும் கூழாங்கற் கடற்கரை நம் நாகப்பட்டினப் பக்கம் கிடையாது. டென்னிசன் பாட்டில் வரும் 'ஹார்த்' குளிர்நாட்டுக் கணப்படுப்பு. வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அதன் சுகம் தெரியாது. அங்கே படம் வேண்டும், ஆசிரியரின் வருணனை வேண்டும். ஆனால் இவை சில சொற்களே. இவற்றுக்காக மற்றவற்றையும் இருட்டில் வைப்பானேன்?

கிடைத்திருக்கும் ஓராண்டு

பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தள்ளிவிட்டு, இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைக்கும் வழக்கத்தைத் தடுக்கவே 2017–18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்க வேண்டுமென்று 2025–26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்படுவதாக அரசு அறிவித்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை இருமொழிக் கொள்கையையே உறுதி செய்தது. பழைய வழக்கம் பின்வாசல் வழியாகத் திரும்பிவிட்டால், இந்தச் சீர்திருத்தத்தால் பயன் ஒன்றுமில்லை. பொதுத்தேர்வின் அச்சமில்லாத ஓர் ஆண்டு கிடைக்கிறதென்றால், அதை வாசிப்புக்குக் கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை மூன்றே. பாடநூலின் அருஞ்சொற்களுக்குத் தமிழிலும் பொருள் தர வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் அ. சிதம்பரநாதன் செட்டியாரைக் கொண்டு 1960-களில் தொகுத்து வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் இருக்கும்போது, இது முடியாத காரியமல்ல. இரண்டாவது, பரீட்சையில் அதே சொல்லைப் பாடத்தில் இல்லாத புதிய வாக்கியத்தில் வைத்துக் கேட்க வேண்டும். கேள்வி மாறினால் படிப்பு மாறும். மூன்றாவது, எளிய ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வாரம் ஒன்றாகப் பிள்ளையின் வீட்டுக்குப் போக வேண்டும். பூட்டிய அலமாரி யாருக்கும் ஆங்கிலம் கற்றுக்கொடுத்ததில்லை.

சங்கப் புலவர் கீரத்தனாரை ஈன்ற ஊர் குடவாயில் என்னும் இந்தக் குடவாசல். சொல்லின் அருமை இந்த ஊருக்குப் புதிதல்ல.

நான் விடைபெற்று எழுந்தபோது அந்தப் பெண் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள்.

"சார், அப்படின்னா 'லேமென்ட்' என்றால்?"

நான் அவளுடைய அப்பாயியைக் காட்டினேன். "ஒப்பாரி வைப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அவரையே கேள், அம்மா."

"புலம்புவாங்க, வேறென்ன?" என்றார் மூதாட்டி, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

பெண் பென்சிலை எடுத்து, புத்தகத்தின் ஓரத்தில் அதை எழுதிக்கொண்டாள்.