பெல்ட்டாயணம்

மக்களே, இந்த வார ரவுண்ட் ராக் கடுதாசி பெல்ட்டைப் பத்தி. சிரிக்காதீங்க. மாஸ்டர்ஸ் படிக்கிறவனுக்கு இருபது டாலர்ங்கறது ஒரு வாரத்து அரிசி, பருப்பு, பால்.

ரூம்மேட் போன செமஸ்டர்ல வாங்கின பெல்ட் இப்பவே ஓட்டைக்கு ஓட்டை விரிஞ்சு, மேல்பூச்சு பழைய சுவத்துச் சுண்ணாம்பாட்டம் உதிருது. உள்பக்கம் 'ஜெனுயின் லெதர்'னு முத்திரை வேற. "ஏமாத்திட்டானுங்க மச்சி"ன்னு புலம்பறான். முத்திரையில பொய்யில்லை, அங்கதான் விஷயமே இருக்கு.

மாட்டுத்தோலை மெஷின்ல படுக்கவாட்டுல பிளந்து அடுக்கடுக்கா எடுப்பாங்க. முடி இருந்த பக்கத்து மேலடுக்குல நார் நெருக்கமாப் பின்னியிருக்கும். கீழே போகப்போக தளர்வு. கீழடுக்கும் தோல்தானே, அதனால 'ஜெனுயின்'னு போட்டுக்கலாம். எந்த அடுக்குன்னு அந்த வார்த்தை சொல்லாது. அந்தக் கீழடுக்கு மேல பிளாஸ்டிக் பூசி பளபளன்னு காட்டுவாங்க. இதுக்கும் கீழே ஒரு ஜாதி உண்டு, 'பாண்டட்'. கழிவுத் தோலை அரைச்சு, பசை சேர்த்துத் தட்டின வடை :-)

கடையில முத்திரையை விட்டுட்டு ஓரத்தைப் பாருங்க. மூணு நாலு மில்லிமீட்டர் கனத்துல ஒரே பட்டையா இருந்தா பத்து வருஷம் தாராளமா வரும். ரெண்டு மெல்லிசுத் தோலுக்கு நடுவுல அட்டை வச்சு ஒட்டினதுன்னா ரெண்டு வருஷம் வந்தாலே பெருசு.

அப்புறம் நம்ம கைங்கரியம். வேர்வை ஊறின பெல்ட்டை ஆகஸ்ட் மாச டெக்சாஸ் வெயில்ல காருக்குள்ள போட்டா அப்பளம்தான். தினமும் அதே பெல்ட், அதே ஓட்டைன்னா அந்த இடத்துல மடிஞ்சு வெடிக்கும். ரெண்டு பெல்ட் வச்சு மாத்தி மாத்திப் போட்டா ரெண்டுமே கூட நாள் வரும். தேங்காயெண்ணெய் வைத்தியம் வேண்டாம், தோல் தொளதொளன்னு நீண்டுடும்.

இந்த ஊர் மாட்டு ஊர்தான். சிஷோம் டிரெயில்ல வடக்கே ஓட்டிட்டுப் போன மந்தைகள் இங்க பிரஷி கிரீக்ல, ஊருக்குப் பேர் குடுத்த அந்த உருண்டைப் பாறை பக்கமாத்தான் கடந்துச்சு. ஆனா பெல்ட்டுன்னா எனக்கு ஞாபகம் வர்றது பாலாறு. நான் வாணியம்பாடிப் பக்கத்து ஆளு.

எங்க பக்கம் ஒரு காலத்துல ஆவாரம்பட்டையில ஊறவச்சு, கடுக்காயில முடிச்ச தோல் கப்பலேறிச்சு. வாரக்கணக்குல ஆகும். குரோம் வந்ததும் வேலை சட்டுனு முடிஞ்சது, தோலும் மெத்துனு தண்ணி தாங்கிச்சு. ஆத்தையும் கிணத்தையும் பத்தி யாரும் கேக்கலை. 1996ல வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்குல சுப்ரீம் கோர்ட் டேனரிக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டுச்சு. 2025 ஜனவரியிலயும் அதே பாலாறு, அதே கோர்ட், இன்னொரு தீர்ப்பு. எங்க வீட்டுல குடிக்கக் கேன் தண்ணிதான். அந்தப் பொழப்புலதான் ஊர்ல பாதிப் பேர் பிள்ளைங்களைப் படிக்க வச்சாங்க, அதையும் சொல்லணும்.

இவ்வளவு கொடுத்துப் பதனிட்ட தோல் ஒரு செமஸ்டர்ல குப்பைக்குப் போறதைப் பாத்தா வயிறு எரியுது.

ரூம்மேட் அடுத்ததை ஆம்பூர்லேர்ந்து வரவழைக்கப் போறானாம். ஒத்தைப் பட்டையா, இடுப்பளவுக்கு அறுத்து, பக்கிள் தச்சுத் தர்ற ஆளு யாருக்காவது தெரிஞ்சா பின்னூட்டத்துல ஒரு வரி போடுங்க. அவன் இடுப்பு முப்பத்தாறு. முப்பத்தெட்டாவே சொல்லிடலாம் :-)