கடாரத்துப் பெருமையும் கைப்படாத அறிவியலும்

கெடா மாநிலத்தில் தமிழ் விழா எங்கு நடைபெறினும் கடாரத்தின் பெயர் அங்கே ஒலிக்காமல் இருப்பதில்லை. 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் கப்பற்படை இக்கரையைத் தாக்கி வென்ற செய்தியைச் சொற்பொழிவாளர் முழங்குவார். அவையினர் கைதட்டி மகிழ்வர். மாலை மரியாதைகளுடன் விழா இனிதே நிறைவுறும். அதே மண்ணில், பூஜாங் பள்ளத்தாக்கைச் சார்ந்த சுங்கை பத்துவில், 2009ஆம் ஆண்டு முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வு வெளிக்கொணர்ந்த செய்தியோ மேடைகளில் அரிதாகவே கேட்கப்படுகிறது. அங்கே கிடைத்தவை இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்றூதிய மண்குழாய்களின் துண்டுகளும் ஆகும். கல்லிலிருந்து உலோகத்தைப் பிரித்தெடுக்கக் கற்ற கைகள், அவை எவ்வினத்தாருடையவை ஆயினும், பழங்காலத்திலேயே இங்கு உழைத்திருக்கின்றன. வென்ற மன்னனைப் போற்றும் சமுதாயம் உலைமுன் நின்ற தொழில்வல்லுநனை எண்ணிப் பார்ப்பதில்லை. இஃது ஏதோ ஒரு சிறு மறதி என்று தள்ளிவிடத்தக்கதன்று. தமிழ்ச் சமுதாயத்தின் கல்விக்கு நேர்ந்துள்ள நோயின் அறிகுறியே இது.

உலைகள் இன்று வேறு வடிவில் இம்மாநிலத்திற்குத் திரும்பியுள்ளன. பால்மரமும் செம்பனையும் செழித்த கூலிம் வட்டாரத்தில் 1996ஆம் ஆண்டு உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அங்கே 2006 முதல் சில்லுகள் உருவாக்கி வரும் ஜெர்மானிய நிறுவனமான இன்ஃபினியன், 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. மின்சாரக் கார்களுக்கும் சூரிய மின்நிலையங்களுக்கும் இச்சில்லுகள் இன்றியமையாதவை. உலகச் சில்லுகளைச் சோதித்து உறையிடும் பணியில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுகிறது. 2024 மே மாதம் அறிவிக்கப்பட்ட தேசியக் குறைக்கடத்தித் திட்டமோ 60,000 உயர்திறன் பொறியாளர்களை உருவாக்குவதை இலக்காகக் கொண்டுள்ளது. பாடாங் செராயிலும் லூனாசிலும் வாழும் பிள்ளைகளுக்கு இவ்வாலைகள் தொலைதூரத்து அதிசயங்கள் அல்ல. ஒரே மாவட்டத்துப் பொருள்கள். அப்பிள்ளைகள் வாயிற்கதவுக்கு உள்ளே ஆய்வுக்கூடத்தில் நிற்கப்போகின்றனரா, வெளியே காவலர் கொட்டகையில் நிற்கப்போகின்றனரா என்பதே கேள்வி.

இக்கேள்வியை எழுப்பியவுடன் வரும் மறுமொழிகள் பழகிப்போனவை. அரசு கைகொடுக்கவில்லை, மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் இல்லை, தோட்டத்துப் பெற்றோருக்கு வசதி இல்லை. இவற்றில் உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் நகரின் ஓரங்களில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அந்நீதிக்காகக் குரல் கொடுப்பது கடமையே. ஆயினும், சாங்லூனில் உள்ள மெட்ரிகுலேஷன் கல்லூரியின் அறிவியல் பிரிவில் இடம் கேட்டு ஆண்டுதோறும் அறிக்கை விடுவோர், அவ்விடத்தில் அமர்வதற்குத் தகுதியான பாடங்களைப் படிவம் நான்கில் எத்தனை பிள்ளைகள் எடுத்தனர் என்று கணக்கெடுப்பதுண்டா? கதவைத் தட்டுவோர் கதவு திறக்கும் நாளில் உள்ளே நுழைவதற்கும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

படிவம் நான்கே பாதை பிரியும் இடம். 2020 முதல் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை நீங்கி, மாணவர் தாமே பாடத்தொகுதியைத் தெரிவு செய்யும் முறை வந்துள்ளது. விவரம் அறிந்த பெற்றோரின் பிள்ளைக்கு இஃது உரிமை. வழிகாட்ட எவரும் இல்லாத பிள்ளைக்கோ இது படுகுழி. ‘கூடுதல் கணிதம் கடினம், விட்டுவிடு’ என்று ஒரு நண்பன் சொல்லும் சொல்லே அங்கு வேதவாக்காகிறது. அந்த ஒரு பாடத்தையும் இயற்பியலையும் விட்டுவிட்ட பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பொறியியல் கல்லூரியின் வாசல் பெரும்பாலும் அன்றே அடைபடுகிறது. அடைபட்டதை அவன் அறிவது எஸ்.பி.எம். முடிவுக்குப் பின்னரே.

அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்ற வழக்கிலும் பல ஆண்டுகள் கழிந்தன. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை 2003இல் வந்தது. 2012இல் விலக்கிக்கொள்ளப்படத் தொடங்கியது. 2016இல் இருமொழித் திட்டம் என வேறு உருவில் மீண்டது. ஒவ்வொரு முறையும் தமிழ் இயக்கங்கள் அணிவகுத்தன. தாய்மொழியில் அறிவியல் இயலும் என்பதற்கு இனி ஒருவர் சான்று தேட வேண்டியதில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேலைமருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். மானிப்பாயில் அன்று இயன்றது பீடோங்கில் இன்று இயலாது என்பது பொருந்தாது.

ஆனால் மொழிக்காகப் போராடியவர்கள், அம்மொழியில் கற்பிக்கப்படுவது அறிவியல்தானா என்று கேட்க மறந்தனர். ‘ஒளி நேர்க்கோட்டில் செல்லும்’ என்ற வரியைப் பத்து முறை எழுதச் செய்தல் அறிவியல் ஆகாது; அது கையெழுத்துப் பயிற்சியே. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு கற்ற பிள்ளை, படிவம் ஒன்றில் மலாய்மொழி வழி அறிவியலுக்குச் செல்கிறான். மூன்று அட்டைகளில் துளையிட்டு, மெழுகுவத்தியின் ஒளியைத் தன் கண்ணால் கண்ட பிள்ளைக்குச் சொல் மட்டுமே மாறுகிறது. பொருள் அவனோடு இருக்கிறது. வரியை மட்டும் உருப்போட்ட பிள்ளைக்கோ சொல் மாறியவுடன் எல்லாமே போய்விடுகிறது. அவன் தோற்றபின் பழி தமிழ்மீது விழுகிறது. கருத்து எம்மொழிக்கும் கடந்து செல்லும். மனப்பாடம் எல்லையைத் தாண்டாது. ஆகவே, செய்முறை இன்றிக் கற்பிப்பவர் அறிவியலுக்கு மட்டுமன்றித் தமிழுக்கும் தீங்கிழைக்கிறார்.

இத்தனைக்கும் தோட்டமக்கள் அறிவியலுக்கு அயலார் அல்லர். பால்வெட்டும் பெண் விடியுமுன் நிரைக்குச் சென்றது கங்காணிக்கு அஞ்சி மட்டுமன்று. வெயில் ஏறுமுன் மரத்தின் பாற்குழாய்களில் நீரழுத்தம் மிகுதி. அப்போதுதான் பால் நன்கு வடியும். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழுமாறு, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் அவள் கோடிட்டாள். பாற்குழாய்களை மிகுதியாக அறுக்கும் வெட்டு அதுவே. பட்டையைச் சீவிய உளி உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தொட்டால் மரம் காயப்படும் என்பதை அவள் விரல் அறிந்திருந்தது. மங்கில் சேர்ந்த பாலில் மூன்றில் ஒரு பங்களவே உலர்ந்த ரப்பர் என்பதும், திராவகம் கலந்தால் பால் உறையும் என்பதும் லயத்துக் குழந்தைக்கும் தெரிந்த செய்திகள். தாவரவியலும் வேதியியலும் வடிவியலும் அந்த உளிமுனையில் இருந்தன. அந்தப் பாட்டியின் பேரன் பள்ளியில் ‘அமிலம்’ என்ற சொல்லை வெறும் விடையாக எழுதிக் கொண்டிருக்கிறான். வீட்டில் இருந்த அறிவைப் பள்ளி கண்டுகொள்ளவில்லை. இது வறுமையினும் கொடிய இழப்பு.

மற்றொரு மயக்கமும் களையப்பட வேண்டும். அறிவியல் பயின்றால் மருத்துவராதல் வேண்டும், இல்லையேல் அப்படிப்பால் பயனில்லை என்று எண்ணும் பெற்றோர் பலர். பீடோங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் எழுந்தபோது சமுதாயம் பெருமிதம் கொண்டது முறையே. ஆனால் அங்கும் பொறியியலும் கணினியியலும் உண்டு என்பதை எத்தனை பேர் தம் பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர்? கூலிமில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. உயர்தொழில்நுட்பப் பயிற்சி மையமான அட்டெக் இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று படிகளாக உயர்ந்து, நான்காம் படியில் டிப்ளோமாவாகவும் ஐந்தாம் படியில் உயர் டிப்ளோமாவாகவும் வளர்கிறது. இந்த ஏணியைப் ‘படிக்காதவன் போகும் இடம்’ என்று இகழ்வோர், கைத்தொழிலை இழிவென்று கருதிய பழைய சாதிமனத்தையே புதிய சட்டையில் அணிந்து வருகின்றனர். சில்லு ஆலையின் எந்திரம் பழுதுற்றால் அதனைச் சீராக்கும் தொழில்நுட்பவாணருக்கு மின்னியலும் வெற்றிடவியலும் தெரிந்திருத்தல் வேண்டும். படிவம் நான்கின் கணித நூலில் வரும் சராசரியும் திட்டவிலக்கமும் அவர் நாள்தோறும் கையாளும் கருவிகள்.

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் அனைத்துலகப் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் வென்று வருவதைச் சிலர் சுட்டிக்காட்டுவர். அஃது உண்மையே, பாராட்டத் தக்கதே. அப்பதக்கங்கள் இப்பிள்ளைகளின் மூளைக்குக் குறைவில்லை என்பதை ஐயமற நிலைநாட்டிவிட்டன. எனவே குற்றச்சாட்டு இன்னும் கடுமையாகிறது. பதக்கத்தோடு நாளேட்டில் படம் வந்த பிள்ளை, ஐந்தாண்டு கழித்து எப்பாடங்களை எடுத்தாள் என்று எவரும் தேடிச் செல்வதில்லை. விமான நிலையத்தில் மாலையிட்ட கைகள் படிவம் நான்கின் வாசலில் காணப்படுவதில்லை.

‘சிறு தோட்டப்பள்ளியில் ஆய்வுக்கூடம் ஏது? தமிழாசிரியருக்கு இயற்பியலோடு என்ன தொடர்பு?’ என்று வினவுவார் உளர். மாணவர் நூற்றைம்பதின்மருக்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் பள்ளி என்கின்றனர். வகுப்பில் எட்டுப் பிள்ளைகளே இருப்பின், எட்டுப் பிள்ளைகளின் கையும் கருவியைத் தொடும். நாற்பது பேர் கொண்ட நகர வகுப்பில் இப்பேறு கிட்டாது. நிழலை அளக்க ஒரு கோல் போதும். பாலை உறையவைக்க எலுமிச்சைச் சாறு போதும். தமிழாசிரியருக்கோ மேலும் பெரிய பங்கு உண்டு. காரணம் கேட்பதும், கண்டதைத் தெளிவாக எழுதுவதும், எழுதியதை மறுத்து வினவுவதும் மொழிவகுப்பில் முளைக்க வேண்டிய பண்புகள். கட்டுரை என்ற பெயரில் ஆயத்த வரிகளை உருப்போடச் செய்யும் மொழியாசிரியர், பக்கத்து வகுப்பின் அறிவியலையும் சேர்த்தே முடக்குகிறார்.

கெடாத் தோட்டமக்கள் முன்னரும் எழுந்தவர்களே. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படை அமைத்துக் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றவர்கள், பட்டம் பெற்றவர்கள் அல்லர், பால்மரம் வெட்டியவர்கள். துன் வீ. தி. சம்பந்தனின் கூட்டுறவுச் சங்கம் 1961இல் முதன்முதலாக வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டமும் கெடாவிலேதான் உள்ளது. அது பாட்டாளிகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தின் விளைவு. முன்னோர் குடியை எதிர்த்தனர். பின்னோர் நிலத்தை மீட்டனர். மூன்றாவது எழுச்சி பள்ளியிலிருந்து தொடங்க வேண்டியது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் தன்னிடமிருந்து சென்ற பிள்ளைகளைப் படிவம் நான்கு வரை பெயர் பெயராகப் பின்தொடரட்டும். ஒவ்வொரு விழாக்குழுவும் பொன்னாடைச் செலவில் பாதியைச் செய்முறைக் கருவிக்கும், பயிற்சி மையம் செல்லும் பிள்ளையின் பேருந்துக் கட்டணத்திற்கும் ஒதுக்கட்டும். இவை நடைபெறும் ஊரில் கடாரத்தின் பெருமையைத் தாராளமாக முழங்கலாம். கேட்கும் பிள்ளையின் கையில் அப்போது ஒரு கருவியும் இருக்கும்.