மேட்டூர் போறீங்களா? பேப்பரைப் பாருங்க!

ஆடி பிறந்தாலே எங்கள் சேலம் பக்கம் மேட்டூர் அணைக்குப் போகும் பேச்சு ஆரம்பித்து விடும். வேன் வாடகை, புளிசாதம், தயிர்சாதம் என்று ஒரு வாரம் முன்பே பேசும் நாம், தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவதே இல்லை.

தினமும் பேப்பரில் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம் மூன்றும் போடுகிறார்கள். ஆண்கள் படிக்கிற சமாசாரம் என்று நாம் தள்ளி விடுகிறோம். ஆனால், பாத்திரம் அலசவும், பிள்ளைகளைக் குளிப்பாட்டவும் ஆற்றில் இறங்குவது யாராம்? நாம்தானே! அணையின் முழு அளவு 120 அடி. அது நிறைந்து விட்டால், கர்நாடகத்தில் இருந்து வருகிற வெள்ளத்தை அப்படியே காவிரியில் விட வேண்டியதுதான். 2018 ஆகஸ்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடிக்கும் மேல் திறந்தார்கள். அந்த மாதிரி நாளில், முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கலாமா? 16 கண் மதகில் தண்ணீர் பாய்வதைத் தூர நின்று பார்த்தாலே கண் நிறைந்து விடும்.

தண்ணீர் நன்றாக வற்றிய காலத்திலும் போகலாம். பண்ணவாடியில், அணை கட்டியபோது மூழ்கிய பழைய நந்தி சிலையும், சர்ச் கோபுரமும் வெளியே தெரியும். பிள்ளைகளுக்கு அது ஒரு பாடம்.

இன்னொன்று, அங்கேயே மீன் வறுவல் சுடச்சுடக் கிடைக்கிறது. முந்தின ராத்திரி பூரா நாம் அடுப்படியில் வேக வேண்டுமா?

எங்கள் வீட்டில் கிளம்புகிற அன்று காலையில் வெளியேற்றத்தைப் பார்ப்போம். அதிகம் என்றால் குளியல் கிடையாது, பூங்காவோடு சரி. பதினெட்டாம் பெருக்கன்று தாலிக்கயிறு மாற்ற, வீட்டுக் குழாயடியில் பிடித்த ஒரு சொம்பு தண்ணீரே போதும்.

- ஒரு வாசகி, சேலம்.