துணிக்கூரையும் உலர்த்தும் நேரமும்

களப்பணிக்காகத் துணிக்கூரை ஜீப் ஒன்றை வாங்கலாமா என்று இளைய ஆய்வாளர் ஒருவர் சென்ற வாரம் உள்பெட்டியில் கேட்டிருந்தார். அவருக்கு வந்த அறிவுரைகள் ஏறக்குறைய ஒன்றே: வாங்கு, ஆனால் முதல் வேலையாகத் துணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஃபைபர் கூரை போடு. ஈராண்டுகளுக்கு முன் எனக்கும் இதையே சொன்னார்கள். இந்த அறிவுரையோடு நான் முரண்படுகிறேன். விடை நீண்டுவிட்டதால் பொதுவில் இடுகிறேன்.

என்னுடையது கைமாறி வந்த பழைய மாருதி ஜிப்சி. உற்பத்தி நின்றுபோய்ச் சில ஆண்டுகளாகின்றன. இளநிலை ஆய்வுநல்கையில் மிச்சம் பிடித்து வாங்கினேன். என் வாழ்வின் முதல் நான்கு சக்கரங்கள். இருப்பிடம் ஷில்லாங், களம் அதற்குத் தெற்கே, வங்கதேசச் சமவெளியை நோக்கிச் செங்குத்தாக இறங்கும் சரிவில், வார் மொழி பேசும் பாக்குத்தோட்டக் கிராமங்கள். சோராவும் மௌசின்ராமும் இருக்கும் அதே மலைத்தொடர்தான். மௌசின்ராமின் ஆண்டுச் சராசரி மழை 11,000 மில்லிமீட்டருக்கும் மேல். தமிழ்நாட்டின் சராசரி 1,000 மில்லிமீட்டரைக்கூட எட்டாது. நாகர்கோவிலின் இரு பருவமழைகளையும் பார்த்து வளர்ந்தவன் என்ற என் இறுமாப்பு இங்கே முதல் ஜூன் மாதத்திலேயே கரைந்துபோயிற்று.

அந்த ஜூனில்தான் தங்கையின் திருமணத்துக்காகப் பத்து நாட்கள் ஊருக்குச் சென்றேன். புறப்படும் காலையில் மழை. ஈரமான ஹூட்டின் ஜிப்புகளையெல்லாம் இழுத்து மூடி, போதாதென்று மேலே ஒரு தார்ப்பாயையும் போர்த்தி, கயிற்றால் இறுகக் கட்டிவிட்டுப் போனேன். பாதுகாப்பாக வைத்துவிட்டோம் என்ற நிறைவோடு போனேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்து திறந்தபோது முதலில் வெளியே வந்தது வாடை. துணியின் உட்புறம் முழுவதும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம். ரப்பர் விரிப்பைத் தூக்கினால் அடியில் தேங்கிய நீர். பின்னிருக்கைக்குக் கீழே ஒரு குறிப்பேடு. பாக்கின் பருவங்களுக்கும், மரமேறும் கருவிகளுக்கும், கூடை முடையும் முடிச்சுகளுக்கும் வார் மொழியில் வழங்கும் இருநூற்றுச் சொச்சம் சொற்களை அதில் எழுதி வைத்திருந்தேன். தகவல் தந்த மூதாட்டி குரல்பதிவுக்கு இசையவில்லை. வேண்டுமானால் எழுதிக்கொள் என்றார். ஆகவே அந்த ஏட்டுக்கு வேறு படி கிடையாது. மை பேனாவில் எழுதியிருந்தேன். பக்கங்கள் ஒட்டி, நீலக் கறையாகக் கிடந்தன.

இதற்குக் கூரையைக் குறை சொல்வது எளிது. நானும் ஒரு மாதம் சொன்னேன். ஆனால் அந்தப் பத்து நாளும் மேலிருந்து ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை என்று பிறகு தெளிந்தது. உள்ளேயிருந்த ஈரத்தை வெளியேற விடாமல் கட்டிவைத்தது நான். மழை நின்ற பின்னும் உள்ளே தங்கிவிடும் ஈரமே இத்தகைய வண்டியைத் தின்கிறது. அதைத் தீர்க்கக் கடையில் பொருள் எதுவும் கிடைக்காது. திறந்துவைத்துக் காற்றோட்டம் தர வேண்டும், அவ்வளவே. ஈரத்தோடு மடிக்காதே, ஈரத்தோடு மூடாதே என்பதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் போதுமாயிருந்தது.

மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தவறு செய்து கற்றேன். ஒளிபுகும் பிளாஸ்டிக் சன்னல்கள் குளிரில் விறைத்துவிடும்; ஷில்லாங்கின் சனவரிக் காலையில் ஒன்றைச் சுருட்டப்போய் நடுவே விரிசல் விட்டது. வெயில் பட்டு இளகிய பிறகே தொட வேண்டும், இடையில் மெல்லிய துணி வைத்துச் சுருட்ட வேண்டும். தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் சன்னல் முழுவதும் கீறல் விழும். முதலில் நீரூற்றித் தூசியை ஓடவிட்டுப் பிறகே துடைப்பது. கழுவுமிடங்களில் உயரழுத்த நீரைத் துணியின் மேல் பாய்ச்ச விடாதீர்கள். பூச்சும் தையலும் தளர்ந்துபோகும். மென்மையான சோப்பு நீரும் பிரஷும் போதும், வெளுப்புப்பொடி கூடாது. படுதா முதலில் கிழிவது, அதைத் தாங்கும் இரும்பு வளைவில் உரசும் இடத்தில். அங்கே உட்புறமாக ஒரு தோல்துண்டு வைத்துத் தைத்துவிட்டால் கிழிசலைப் பல காலம் தள்ளிப்போடலாம். எனக்கு அதைத் தைத்துக் கொடுத்தவர் செருப்புத் தைப்பவர். இறுகும் ஜிப்புக்கு மெழுகுவர்த்தியை உரசினால் போதும்.

துணியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம். துணி கிழிந்தால் மாற்றலாம். தரைத்தகடு துரு ஏறினால் டிங்கரிங் செலவு வண்டியின் விலையோடு போட்டியிடும். விரிப்புகளை வாரம் ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும், வடிகால் துளைகளை அடைத்திருக்கும் சேற்றைக் குத்தி எடுக்க வேண்டும், அடிச்சட்டத்தில் அப்பிய மண்ணைக் கழுவ வேண்டும்.

நான்கு சக்கர இயக்கம் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். வாங்கிய புதிதில், அது இருந்தால் பாதுகாப்பு என்றெண்ணி, காய்ந்த தார்ச்சாலையிலும் நெம்புகோலை அதிலேயே வைத்து ஓட்டினேன். திருப்பங்களில் ஸ்டீயரிங் முரண்டியது, டயர்கள் கிறீச்சிட்டன. வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரம் ஓடுவதில்லை. அந்த வேறுபாட்டை ஈடுகட்ட இவ்வகை வண்டிகளில் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க வழியின்றி முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களில் ஏறும். அதற்காக அதைத் தொடாமலே விட்டுவிடுவதும் தவறு. மாதம் ஒருமுறையாவது மண்பாதையில் சில கிலோமீட்டர் போட்டு ஓட்டினால்தான் உள்ளே எண்ணெய் சுற்றிவரும். ஆழமான நீரில் இறங்கி ஏறினால் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்த்துவிடுங்கள். பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள், மாற்றியாக வேண்டும்.

இவற்றில் எதுவும் அதிகச் செலவு வைப்பதில்லை, நேரம் வைக்கிறது. அந்த நேரம்தான் நம் கல்வியுலகத்தில் எந்தக் கணக்கிலும் வராதது. வாங்குவதற்கு நிதித்தலைப்பு உண்டு, புகைப்படம் உண்டு, அறிக்கையில் ஒரு வரி உண்டு. ஒலிப்பதிவுக் கருவியின் மின்கலம் கசிந்திருக்கிறதா என்று மாதந்தோறும் திறந்து பார்ப்பவருக்கு என்ன உண்டு? நான் படித்த ஒரு துறையில், உறை பிரிக்காத கருவிகளும் கசிந்துபோன கருவிகளும் ஒரே அலமாரியில் இருந்தன. ‘பேணுதல்’ என்ற சொல்லுக்குத் தமிழில் காத்தல் என்பதோடு மதித்தல், விரும்புதல் என்ற பொருள்களும் உண்டு. நம் அலுவலக வழக்கில் அது ‘பதிவேடு பேணப்பட வேண்டும்’ என்பதோடு சுருங்கிவிட்டது. (மொழியியல் படித்தவனிடம் வண்டியைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் ஆகும்.) வண்டி உலகமும் வேறல்ல. கூடுதல் விளக்கு, பெரிய டயர், முன்பக்கம் இழுவைச்சுருள் என்று வாங்கி மாட்டியவர்கள் எத்தனையோ பேரைக் கண்டேன்; புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் நிப்பிள்களுக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் அடித்தீர்கள் என்று கேட்டால் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

ஃபைபர் கூரை ஏன் வேண்டாம் என்கிறேன்? அதுவும் ஈரத்தை அடைத்து வைக்கும், மறைத்தும் வைக்கும். துணிக்கூரை தன் குறையை உடனே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இன்னொன்று எனக்கு முதன்மையானது. பக்கத் திரைகளைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு மெல்லப் போகும்போது தோட்டத்திலிருந்து குரல் கொடுக்கிறார்கள், நிறுத்தச் சொல்கிறார்கள், பாக்கு மூட்டையோடு ஏறிக்கொள்கிறார்கள். என் தரவுகளில் நல்ல பகுதி அந்தப் பின்னிருக்கையில் கிடைத்தது. திருட்டுப் பயம் உண்மைதான், மறுக்கவில்லை. துணியை அறுக்க ஒரு கத்தி போதும். விலையுள்ள எதையும் உள்ளே விட்டுச்செல்லக் கூடாது. குறிப்பேட்டையும்தான்.

இப்பகுதியில் வயல்வேலை செய்வோர் மழைக்கு அணியும் க்னுப் என்ற கவிப்பைப் பார்த்திருப்பீர்கள். மூங்கிலும் இலையும் கொண்டு ஆமையோட்டைப் போல முடைந்தது. தலையில் தாங்கி முதுகை மூடும். முன்புறம் முழுக்கத் திறப்பு. கை இரண்டும் வேலைக்கு விடுபட்டிருக்கும், காற்று உள்ளே வந்துபோகும். நான் தங்கும் வீட்டில் அது ஒருநாளும் ஈரத்தோடு மூலையில் கிடந்ததில்லை. மழை ஓய்ந்ததும் யாராவது எடுத்து அடுப்பங்கரைப் பக்கம் மாட்டிவிடுகிறார்கள். அது எவருடைய வேலை என்று கேட்டேன். கேள்வியே அவர்களுக்கு விளங்கவில்லை.

குறிப்பேடு அழிந்ததை மூதாட்டியிடம் சொல்ல மூன்று வாரம் தயங்கினேன். சொன்னபோது அவர் திட்டவில்லை. உன் வண்டிக்கு முதுகு மட்டும்தான் நனையாது போலிருக்கிறது என்று சிரித்தார். இப்போது பென்சிலில் எழுதுகிறேன், அன்று மாலையே படம் பிடித்து வைக்கிறேன். இதுவரை 130 சொற்கள் மீண்டும் வந்திருக்கின்றன. எஞ்சியவற்றுள் சிலவற்றை அவர் வேறுவிதமாகச் சொல்கிறார், சிலவற்றை நினைவில்லை என்கிறார்.

நான்கு நாட்களுக்குப் பிறகு இன்று ஷில்லாங்கில் வெயில். ஹூட்டைக் கழற்றிச் சுவரில் விரித்திருக்கிறேன், விரிப்புகள் மதிலின் மேல். பிற்பகலில் மேகம் திரளும் என்கிறார்கள். கேட்டவருக்கு மிச்ச விடை மாலையில்.