மாட்டுத்தீன் கோழிக்கு மலிவா?

2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளால் கண்டி மாவட்டத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு நாலைந்து கோழிகள் கைச்செலவுக்கு உதவும். கோழித்தீன் விலை அதிகம் என்பதற்காக மாட்டுத்தீனைப் போடுவது சிக்கனமா? இல்லை என்பதே எமது கருத்து.

மாட்டின் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் நாரையும் யூரியாவையும் உணவாக்கிக் கொடுக்கும். கோழிக்கு அந்த இரைப்பை இல்லை. யூரியா கலந்த தீன் அதற்கு நஞ்சாகலாம். முட்டையிடும் கோழிக்கு ஏறக்குறைய 16 சதவீதப் புரதமும் 3.5 சதவீதக் கல்சியமும் வேண்டும். மாட்டுத்தீனில் கல்சியம் போதாது. முட்டை ஓடு மெலியும், முட்டையும் குறையும். பையில் மிச்சம் பிடித்த காசு கூட்டில் போய்விடும்.

ஆனால் மாட்டுக்குப் போடும் தவிட்டையும் தேங்காய்ப் புண்ணாக்கையும் தனித்தனியே வாங்கலாம். குறுணல் அரிசி, உப்புக் குறைந்த கருவாட்டுத்தூள், இடித்த சிப்பி ஆகியவற்றையும் சேர்த்தால், வெளியே மேயும் ஊர்க்கோழிக்கு நல்ல துணைத்தீன் ஆகும். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கை ஒதுக்குங்கள். கலவை அளவை அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

குஞ்சு வழங்கும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை: முட்டையிடத் தொடங்கும்வரை தீனுக்கும் வழி செய்யுங்கள். தீனில்லாக் குஞ்சு உதவியல்ல, கடன்.