கடதாசியும் கைபேசியும் கேட்கும் முதுமை

முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமத் தபாற் கந்தோர் ஒன்றின் வாசலில், முதியோர் கொடுப்பனவு வழங்கும் நாளொன்றில், எழுபத்து நான்கு வயதுடைய அம்மா ஒருவர் காலை ஏழரைக்கே வந்து குந்தியிருந்தார். பத்து மணிக்குப் பிறகுதான் அவருடைய முறை வந்தது. "உங்கட பேர் இந்த லிஸ்ட்டில இல்லை அம்மா, விதானையாரிட்டக் கேளுங்கோ" என்று பதில் வந்தது. அவர் கோபப்படவில்லை. என்னைப் பார்த்து, "போன முறை இருந்தனான் தானே தம்பி, இந்த முறை செத்துப் போனனோ?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு விசாரித்தபோது விடயம் தெரிய வந்தது. அவர் மகளின் குடும்பத்தோடு வாழ்கிறார். அந்தக் குடும்பம் அஸ்வெசும பெறுகிறது. அதனால் அவருடைய கொடுப்பனவும் அந்தக் குடும்பத்தின் அஸ்வெசும வங்கிக் கணக்குக்கு மாற்றப்பட்டுவிட்டது. வங்கி அனுப்பும் குறுஞ்செய்தி போய்ச் சேரும் இலக்கமோ, இப்போது கட்டாரில் வேலை செய்யும் பேரனுடையது. பணம் வந்திருக்கிறது. வந்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த அம்மாவின் கதையில் களவு இல்லை, ஊழல் இல்லை, வேண்டுமென்றே செய்யப்பட்ட பாகுபாடுகூட இல்லை. ஆனாலும் ஒரு முதியவர் தனக்குரியதைப் பெறாமல் வெறுங்கையோடு வீடு திரும்பினார். இந்த நாட்டின் நலத்திட்டங்கள் ஒவ்வொரு முதியவரிடமும் மூன்று பொருட்கள் இருக்கின்றன என்ற நினைப்பில் வரையப்படுகின்றன: ஒழுங்கான கடதாசிகள், அவர் பெயரில் ஒரு தொலைபேசி இலக்கம், பக்கத்தில் ஒரு இளம் பிள்ளை. கடதாசிகள் 2009 இல் பதுங்குகுழிகளோடு போயின. பிள்ளைகளில் பலர் இல்லை. இருப்பவர்களில் பலர் வெளிநாட்டில். இருக்கும் ஒரே தொலைபேசி இலக்கமும் வேறு யாருடையதோ.

வடக்கில் அரசாங்க உத்தியோகத்துக்கு இருந்த மதிப்பே ஓய்வூதியத்தால் வந்தது. போர்க் காலத்திலும் வன்னியில் பணியாற்றிய ஆசிரியர்களுக்கும் எழுதுவினைஞர்களுக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்துகொண்டிருந்தது. அவர்கள் இன்று ஓய்வூதியர்கள். அவர்களுக்கும் குறைகள் உண்டு. 2020 சனவரிக்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் பின் ஓய்வு பெற்றவர்களுக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தீர்க்க மூன்று கட்டத் திருத்தம் 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, முதற் கட்டம் 2025 யூலையில் வந்தது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்காவிட்டால் ஓய்வூதியம் நின்றுபோகும். பிரதேச செயலகத்தில் விரலடையாளம் வைத்துக் கணினியில் பதியும் முறையும் இப்போது இருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஓய்வூதியத் திணைக்களத்தின் 1970 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சேமிப்பை நிலையான வைப்பில் போட்டிருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் நூற்றுக்குப் பத்து வீதம் வரியாக வெட்டப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்தவர்கள் வரி இலக்கம் எடுத்து, வங்கியில் ஒரு சுய பிரகடனம் கொடுத்தால் இந்தப் பணம் வெட்டப்படாது. வட்டியிலேயே சாப்பிடும் முதியவர்களில் எத்தனையோ பேர் இதை அறியாமல் மாதாமாதம் இழக்கிறார்கள்.

ஓய்வூதியம் இல்லாதவர்களின் கதை வேறு. கமக்காரர், கடற்றொழிலாளர், கூலிக்குப் போனவர்கள், புலிகளின் நிர்வாகக் கட்டமைப்புகளில் ஆண்டுக்கணக்காக வேலை செய்தவர்கள். கடைசியாகச் சொன்னவர்களின் உழைப்புக்குச் சேமலாப நிதி என்று ஒன்று இருக்கவில்லை. அந்த ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் சிலருக்கு மறந்துபோன கணக்குகள் இருக்கக்கூடும். 1990 இல் நின்றுபோன காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையிலோ பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையிலோ சில ஆண்டுகளேனும் வேலை பார்த்தவர்கள், 1977 வன்செயலுக்குப் பின் மலையகத் தோட்டங்களை விட்டு வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியவர்கள் ஆகியோர் தங்கள் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துவிட்டார்களா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதானதும் அந்தப் பணம் அவர்களுடையது. இறந்தவரின் பணத்தை உரித்தாளர்கள் கோரலாம். அங்கத்துவ இலக்கம் மறந்திருந்தாலும் தொழில் அலுவலகத்துக்கு ஒருமுறை போய்க் கேட்கலாம். கமக்காரருக்கு 1987 இலிருந்து பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் ஒன்று உண்டு. கட்டிய பற்றுச்சீட்டு தொலைந்திருந்தால் கமநல சேவை நிலையத்தில் பதிவு இருக்கிறதா என்று தேடச் சொல்ல வேண்டும்.

இவை எதுவும் இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது முதியோர் கொடுப்பனவு. எழுபது வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கு 3,000 ரூபாவாக இருந்தது 2025 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபா. கூட்டியது நல்லதுதான். ஆனால் இன்றைய அரிசி விலையில் 5,000 ரூபா எத்தனை நாளுக்குப் போகும் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அஸ்வெசும 2023 யூலையில் சமுர்த்திக்குப் பதிலாக வந்தது. ஆறு துறைகளில் 22 அளவுகோல்களைக் கொண்டு கணினி ஒரு குடும்பத்தின் வறுமையை அளக்கிறது. இங்கேதான் போர்ப் பிரதேசத்தின் தனித்தன்மை அடிபடுகிறது. அளவுகோல்களில் வீடும் ஒன்று. இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா மானியத்தோடு கட்டிய கல்வீடு எங்கள் ஊர்களில் பரவலாக இருக்கிறது. அந்த மானியத்தில் வீடு முடியாமல் தாலிக்கொடியை அடகு வைத்தவர்கள், நுண்கடன் எடுத்தவர்கள், பூசாத சுவரோடு பத்து வருடமாக இருப்பவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். கணினிக்குத் தெரிவது சீமெந்துச் சுவரும் ஓட்டுக் கூரையும். அதற்குள் தனியாக இருக்கும் கிழவியும் அவரின் கடனும் தெரிவதில்லை.

நிராகரிக்கப்பட்டவர்கள் மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும்போது தவறவிடக்கூடாது. நலன்புரி நன்மைகள் சபையின் இலக்கம் 1924. அதைவிட, நம் மக்கள் பெரிதாகப் பயன்படுத்தாத ஆயுதம் ஒன்று உண்டு: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். "எனது விண்ணப்பம் எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது, எனக்கு எத்தனை புள்ளி இடப்பட்டது" என்று தமிழில் ஒரு கடதாசியில் எழுதி, அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்துப் பற்று எடுத்தால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்க முடியாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். "மேலிடத்து முடிவு" என்று வாயால் சொல்லி அனுப்பப்படுவதற்கும் எழுத்தில் ஒரு பதில் கையில் இருப்பதற்கும் வித்தியாசம் நிறைய.

எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது கடதாசிதான். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளை எந்தப் பிரதேச செயலகத்திலும் எடுக்கலாம் என்று சொல்லப்படுகிறது. அந்த வசதி 1960 சனவரி 1 க்குப் பின் பதியப்பட்டவற்றுக்கானது. இன்று முதியோர் கொடுப்பனவுக்குத் தகுதியுள்ள எவரும் அதற்கு முன் பிறந்தவர். ஆகவே யாருக்கு இந்த வசதி அதிகம் தேவையோ அவர்கள்தான் பிறந்த இடத்தின் மாவட்டப் பதிவகத்துக்கு பஸ் ஏற வேண்டும். பதிவே கிடைக்காதவர்கள் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து என்று பெயர் மாறியிருந்தால், இரண்டும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்திருப்பது பின்னால் பல அலைச்சலைத் தவிர்க்கும். அறுபது வயதில் பிரதேச செயலகத்தில் கிடைக்கும் மூத்தோர் அடையாள அட்டையையும் எடுத்து வைக்கலாம்.

கடதாசிகளில் மிகவும் கனமானது ஒன்று இருக்கிறது. பிள்ளையையோ கணவரையோ கையளித்துவிட்டு இன்றுவரை தேடும் தாய்மாரில் அநேகர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டம் தொடங்கியபோது நடந்து வந்தவர்களில் பலர் பதில் கிடைக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மாட்டோம் என்ற அவர்களின் உறுதியை எவரும் குறைசொல்ல முடியாது. ஆனால் 2016 இன் சட்டத் திருத்தத்துக்குப் பின் இரண்டாவது ஒரு வழி இருக்கிறது. காணாமற் போனமைக்கான சான்றிதழ், அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. விசாரணையையும் அது முடித்துவைப்பதில்லை. அதை வைத்து நலக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் அவருடைய சொத்தைத் தற்காலிகமாக நிர்வகிக்கவும் முடியும். எடுப்பதா விடுவதா என்பது அந்தத் தாயின் முடிவு. இரண்டு சான்றிதழும் ஒன்றென்று நினைத்து அவர் முடிவெடுக்கும் நிலை இருக்கக்கூடாது.

உடல்நலத்துக்கு வருவோம். சீனி, பிரஷர் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கிளினிக் கொப்பியும் மருந்தும் இலவசம். பேசப்படாதது உடம்புக்குள் இருக்கும் இரும்பு. ஷெல் துண்டோ சன்னமோ எடுக்கப்படாமல் இருப்பவர்கள் இப்போது முதுமையின் நோய்களோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பக்கவாதத்துக்கோ முள்ளந்தண்டு நோவுக்கோ எம்.ஆர்.ஐ. ஸ்கான் எழுதப்படலாம். அந்த இயந்திரம் ஒரு பலமான காந்தம். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் உலோகத் துண்டை அது அசைக்கவோ சூடாக்கவோ கூடும். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஸ்கானா வேறு வழியா என்று மருத்துவர் தீர்மானிப்பார். அதற்கு நாம் சொல்ல வேண்டும். மாத்தளன் கரையிலிருந்து கப்பலில் ஏற்றப்பட்டுத் திருகோணமலையிலும் புல்மோட்டையிலும் சிகிச்சை பெற்றவர்களிடம் அந்த நாளின் துண்டு எதுவும் இருக்காது. பதினைந்து வருடத்துக்கு மேலாக நோவு இல்லை என்பதால் அவர்களே மறந்திருப்பார்கள். இன்னும் சிலர் பயத்தில் சொல்வதில்லை. கிளினிக் கொப்பியின் முதற் பக்கத்தில் 'உடம்பில் உலோகத் துண்டு உண்டு, இன்ன இடத்தில்' என்று மருத்துவரைக் கொண்டு எழுதுவியுங்கள்.

காதும் அப்படித்தான். குண்டுச் சத்தத்தில் கேட்கும் திறன் குறைந்தவர்கள் கிளினிக்கில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவார்கள். வீட்டில் அதற்கு 'மறதி' என்று பெயர் வைத்துவிடுகிறோம். செவிப் பரிசோதனை ஒன்று செய்யாமல் அந்தப் பெயரை வைக்க வேண்டாம்.

1990 அம்புலன்ஸ் சேவை 2018 யூலையிலிருந்து வடக்கில் இருக்கிறது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். அழைப்பை எடுப்பவருக்கு எங்கள் ஒழுங்கைகள் தெரியாது. ஆகவே கிட்டிய கோவில், பள்ளிக்கூடம், சந்தி எது என்பதை ஒரு மட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது. கொண்டுபோக வண்டி உண்டு, குணமாகித் திரும்ப இல்லை என்பது இன்னும் தீராத குறை. இரவில் நித்திரை வராமல் பழைய நினைவுகள் எழும்பும் முதியவர்களுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. மே மாதத்தில் அந்த இலக்கத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

இனித் தொலைபேசி. வெளிநாட்டுப் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்கு நல்ல கைபேசி வாங்கிக் கொடுக்கிறார்கள், முகம் பார்த்துப் பேசுவதற்காக. அந்தக் கருவியை வைத்து அவர்கள் செய்ய வேண்டியது அதைவிட அதிகம். வங்கியில் பதிந்திருக்கும் இலக்கம் யாருடையது என்று இன்றே பாருங்கள். வெளிநாடு போன பிள்ளையின் இலக்கமாயின் வங்கிக்குப் போய் மாற்றுங்கள். கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, காணி உறுதி, வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து, இங்கே ஒருவரிடமும் வெளிநாட்டில் ஒருவரிடமும் வைத்திருங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் கடதாசியாக வைத்திருந்து இழந்தவர்கள் நாங்கள். ஏ.ரி.எம். அட்டையோடு இரகசிய இலக்கத்தையும் கடைக்காரரிடம் கொடுத்து வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்திருக்கிறது, சுங்கத் தீர்வை கட்டுங்கள் என்று வரும் அழைப்பு எங்கள் சமூகத்தை அறிந்து விரிக்கப்படும் வலை. பிள்ளை வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் யார்தான் நம்பமாட்டார்கள்? வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கத்தை எவர் கேட்டாலும் சொல்லக்கூடாது. ஏமாந்தால் உடனே வங்கிக்கும், பிறகு 101 க்கும் அறிவியுங்கள்.

ஆனால் தகவல் மட்டும் போதாது. இந்தக் கட்டுரையைத் தபாற் கந்தோர் வாசலில் நின்ற அம்மா வாசிக்கப்போவதில்லை; அவரின் மகளோ பேரனோ வாசிக்கக்கூடும். இருவருமே இல்லாத வீடுகள் வன்னியில் எத்தனை என்று விதானைமாருக்குத் தெரியும். 2025 மே தேர்தலில் தெரிவான பிரதேச சபைகள் கையில் நூலகங்களும் வாசிகசாலைகளும் இருக்கின்றன. அங்கே கிழமைக்கு ஒரு நாள் ஒரு மேசை, ஒரு கணினி, தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த ஒரு பிள்ளை. படிவம் நிரப்பவும், தகவல் கோரிக்கை எழுதவும், வந்த குறுஞ்செய்தியை வாசித்துச் சொல்லவும் அது போதும். மாகாணத்துக்கு அதிகாரம் வரும்வரை காத்திருக்க வேண்டிய வேலை அல்ல இது. எங்கள் உறுப்பினர்கள் அடுத்த சபை அமர்விலேயே பிரேரணையாகக் கொண்டுவரலாம்.

அந்த அம்மாவின் மகள் பின்னர் வங்கிக்குப் போய்த் தன்னுடைய இலக்கத்தைப் பதிந்தார். கணக்கில் மூன்று மாதப் பணம் இருந்தது. முதல் வேலையாக அம்மாவுக்குக் கண்ணாடி எடுத்ததாகச் சொன்னார்.