திரை அணைந்த பிறகும் செயலி கேட்குமா?

கைத்தொலைபேசிக்குச் செயலி எழுதிப் பார்க்கும் நம் மாணவர்கள் பலருக்கும் ஓர் ஆசை உண்டு. பயனர் திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்ட பிறகும் செயலி பின்னணியில் விழித்திருக்க வேண்டும். ஏதேனும் நிகழ்ந்தால் உடனே அறிய வேண்டும். ஆசை நியாயமானதுதான். ஆனால், அதை மட்டுமே நம்பிச் செயலியை அமைப்பது தவறு என்பேன்.

இதற்குச் சிங்கப்பூரே சாட்சி. கொவிட்-19 தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய 2020 மார்ச்சில் அறிமுகமான டிரேஸ்டுகெதர் செயலி, அருகிலுள்ள கைத்தொலைபேசிகளைப் புளூடூத் வழி அறிந்துகொண்டது. ஐஃபோனிலோ, செயலி பின்னணிக்குப் போனதும் அந்தத் தேடல் முடங்கியது. தொடக்கத்தில், செயலியைத் திறந்தே வைத்திருக்குமாறு மக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. எம்ஆர்டி நெரிசலில் யார் அப்படி வைத்திருப்பார்கள்? அவ்வாண்டு ஜூன் இறுதியில் தனிக் கருவியே விநியோகிக்கப்படத் தொடங்கியது. கைத்தொலைபேசி இல்லாத முதியோருக்கு அது உதவியது. ஐஃபோன் சிக்கலும் அதற்கு ஒரு காரணம். திட்டம் 2023இல் முடிவுக்கு வந்துவிட்டது.

ஆண்டிராய்டும் கண்டிப்பாகிக்கொண்டே வருகிறது. 2015இல் வந்த 6ஆம் பதிப்பு, மின்னேற்றத்தில் இல்லாமல் அசையாமல் கிடக்கும் கைத்தொலைபேசியில் செயலிகளை உறங்க வைத்தது. 2017இன் 8ஆம் பதிப்பு, பின்னணிச் சேவைகளைச் சில நிமிடங்களில் நிறுத்தியது. இதைக் குறை சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. மின்கலம் பயனருடையது. ஒலியே இல்லாத பாட்டை ஓடவிட்டு இயங்குதளத்தை ஏமாற்றுவது (அதை அறிவுரையாக வழங்குவோரும் உண்டு!) அவர் பையில் கைவிடுவதற்குச் சமம்.

காத்திருக்கும் வேலையைச் சேவையகத்திடம் விட்டு, நிகழ்வு நேர்ந்ததும் புஷ் அறிவிப்பால் செயலியை எழுப்பலாம். அவசரமில்லாத பணிகளை ஆண்டிராய்டின் ஒர்க்மேனேஜரிடம் ஒப்படைக்கலாம். திரும்பத் திரும்பச் செய்யும் பணிக்கு அது தரும் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். தொடர்ந்து கேட்டே ஆக வேண்டுமென்றால், நிலையான அறிவிப்பைக் காட்டி வெளிப்படையாக இயங்கட்டும்.

இவையும் தவறக்கூடும். தனியே வசிக்கும் தாயார் காலையில் கதவைத் திறந்தாரா என்று மகனுக்குச் சொல்லும் செயலியை நினைத்துப் பாருங்கள். அவர் திறக்கவில்லை என்பதும், செயலி கேட்கவில்லை என்பதும் திரையில் ஒன்றுபோல் தெரியலாமா? ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தவறவிட்டவற்றைச் சேவையகத்திடம் கேட்டுப் பெற வேண்டும். 'கடைசியாகச் சரிபார்த்தது காலை மணி 9.10' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இரவு மணி 8 ஆகியும் அந்த வரி மாறாமலிருந்தால், மகன் அம்மாவையே அழைத்துக் கேட்டுவிடுவான்.